ரைஸ் குக்கருக்குக் கால் வைத்தால் சூளையில் வெடிக்கிறது

பச்சைமண் கேட்டது:

மண்ணைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. வயது இருபத்து நான்கு, எங்கள் பட்டறையில் நான்தான் கடைக்குட்டி. ஜப்பானியப் பேய்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். அதில் ட்சுகுமோகாமி என்று ஓர் இனம் உண்டு. புழங்குகிற பொருளுக்கு நூறு வயது ஆனால் உயிர் வந்துவிடுமாம். எல்லோருக்கும் தெரிந்த ஆள் காசா ஒபாகே: கிழட்டுக் காகிதக் குடை, ஒற்றைக் கண், மரச்செருப்பு மாட்டிய ஒற்றைக் கால், வெளியே தொங்கும் நாக்கு.

குடையை ஏற்கெனவே நிறையப் பேர் செய்துவிட்டார்கள். நான் இன்னும் உயிர் வராதவர்களைச் செய்கிறேன். தோஷிபாவின் தானியங்கி ரைஸ் குக்கர் 1955-இல் வந்தது. ஆக, 2055-இல் கண் விழிக்கும். கப் நூடுல்ஸ் 1971, வாக்மேன் 1979. அவர்களுக்கு 2071, 2079. விழிக்கப்போகும் ஆண்டை அடியில் முத்திரையாகக் குத்திவிடுவேன். குக்கர் மூடியை லேசாகத் தூக்கிக் கொட்டாவி விடுகிறது. வாக்மேனுக்குக் கேசட் நாடாதான் நாக்கு. கப் நூடுல்ஸ் தன் காகித மூடியைப் போர்வை மாதிரி இழுத்துக்கொண்டு “இன்னும் மூணே நிமிஷம்” என்று கெஞ்சுகிற முகத்தோடு கிடக்கிறது. மற்ற இருவரிடமும் சொல்லிவிடாதீர்கள், எனக்குச் செல்லம் இதுதான்.

இனி அழுகை. குக்கரின் ஒற்றைக் கால் முதல் சூட்டிலேயே வெடிக்கிறது, இதோடு இரண்டு முறை. இரண்டாம் முறை பக்கத்தில் இருந்த தோழியின் குவளைகளையும் சேர்த்துக் காலி செய்துவிட்டது. வாக்மேனின் நாக்கு வேரில் விரிசல் விடுகிறது.

இன்னொன்று. பட்டறையில் மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, “அடுத்தவங்க நம்பிக்கையை வச்சு விளையாடறியேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். கால் வெடித்ததைவிட அதுதான் உறுத்துகிறது.

சூளைக்காவல் எழுதியது:

தங்கச்சி, முதலில் காலைப் பார்ப்போம். கெட்டியான மண்ணாக உருட்டி ஒட்டியிருப்பாய், சரியா? மேலே காய்ந்ததுபோல் தெரியும், நடுவில் ஈரம் இருக்கும். 100 டிகிரியைத் தாண்டியதும் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லை என்றால் உடைத்துக்கொண்டு வரும். ஆகவே காலை உள்ளே குழாயாகச் செய். அந்தக் குழாய் குக்கரின் வயிற்றுக்குள் திறக்கட்டும்.

ஜப்பானில் பழைய சமாதி மேடுகளைச் சுற்றி நட்டுவைத்த ஹனிவா மண்ணுருவங்களைப் பார்த்திருப்பாய். மனிதன், குதிரை எதுவானாலும் உள்ளே வெற்றிடம்தான். கண் என்பது வெட்டித் திறந்த வெறும் ஓட்டை. அந்த இருட்டுதான் பார்வை! உன் குக்கருக்கும் கண்ணை அப்படியே வெட்டிவிடு, ஆவி போகும் துளையும் அதுவே ஆகிவிடும்.

சூளையில் வைக்கும் முன் காலைக் கன்னத்தில் ஒற்றிப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சந்தேகம் இருந்தால் 80, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க விட்டு, அப்புறம் ஏற்று.

நாக்கு விரிவது வேறு கதை. மெல்லிய நாக்கு முந்திக் காய்ந்து சுருங்குகிறது, தடித்த உடம்பு பின்தங்குகிறது. இழுபறி நடப்பது ஒட்டின இடத்தில். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது கீறி, களிக்குழம்பு தடவி ஒட்டு. பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி இரண்டு மூன்று நாள் மறந்துவிடு. நுனியில் மெழுகு தடவினால் இன்னும் மெதுவாகக் காயும்.

ஸ்டோன்வேர் சூட்டில், அதாவது மண் கல்லாக இறுகும் சூட்டில், ஒற்றைக் கால் சாய்ந்துவிடும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதே மண்ணில் ஒரு முட்டு செய்து கொடு. வேறு மண் என்றால் உருவம் சுருங்கும் அளவுக்கு முட்டு சுருங்காது. தொடும் இடத்தில் அலுமினா (சூளைச் சூட்டில் உருகாத வெள்ளைப் பொடி) தடவ மறக்காதே, இல்லாவிட்டால் முட்டும் சிலையோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு காலாகிவிடும்.

கோணல்கிண்ணம் எழுதியது:

அந்த மூத்தவருக்கு என் பதில். 1599-இல் ஹகாட்டா வணிகர் காமியா சோதான், தேநீர்க் கலை ஆசான் ஃபுருத்தா ஓரிபே நடத்திய தேநீர் விருந்துக்குப் போய்வந்து தன் நாட்குறிப்பில் செட்டோ என்ற வகை மண்கிண்ணம் ஒன்றைப் பற்றி எழுதுகிறார்: கோணியிருக்கிறது, ‘ஹ்யோகெமோனோ’, அதாவது கோமாளித்தனமான சாமான். அந்தக் கோணலைத்தான் இன்றைக்கும் ஓரிபே பாணி என்று கொண்டாடுகிறார்கள். மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஷிகராக்கி ஊரில் 1951-இல் பேரரசர் வந்தபோது, தொந்தியும் வைக்கோல் தொப்பியுமாக மண் தனுக்கிகளை (தனுக்கி அங்கத்து நாய்க்குடும்பக் காட்டு விலங்கு) வரிசையாக நிறுத்தி, கையில் கொடி கொடுத்து வரவேற்றார்கள். விளையாட்டு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கொண்டுபோகவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எதற்கு வேண்டுமானாலும் கண்ணும் நாக்கும் ஒட்டிவிட்டால் அது பொம்மைக்கடைச் சரக்கு. வாக்மேனில் எனக்குப் பிடித்தது நாடாவே நாக்கானதுதான். கப் நூடுல்ஸும் அப்படியே, மூடிதான் போர்வை. குக்கருக்கு மட்டும் கால் ஏன்? குடையிலிருந்து கடன் வாங்கியதுபோல இருக்கிறது. அதற்கென்று சொந்தமாக ஓர் உறுப்பு இருக்குமே, யோசியுங்கள்.

ஒன்றுகுறை எழுதியது:

கணக்கில் ஒரு பிழை. பழைய ட்சுகுமோகாமிக் கதைச்சுருளில் வீட்டுக்காரர்கள் வருடக்கடைசித் தூசி தட்டலின்போது, நூறு ஆவதற்கு ஒரு வருடம் இருக்கையிலேயே சாமான்களைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தக் கோபத்தில்தான் அவை கிளம்பி வருகின்றன. உங்கள் குக்கர் 2054-லேயே வரும்.

பச்சைமண் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘ஒன்றுகுறை’ சொன்னதைப் படித்துவிட்டுப் பட்டறையில் தனியாகச் சிரித்தேன். முத்திரையை மாற்றிவிட்டேன்.

காலை எடுத்துவிட்டேன். மின்கம்பியையே வாலாகச் சுருட்டி, அதன் மேல் உட்காரவைத்திருக்கிறேன். கண் இரண்டும் ஓட்டை. அண்ணா சொன்னபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், வால் சுருளின் உள்பக்கம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சூளைக்கு அனுப்பவில்லை. தோழி புதுக் குவளைகளை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டாள்.