வாடகை வீட்டில் குளியலறை சேர்க்க பிரதேச சபை அனுமதி வேண்டுமா?

தர்ஷினி, அலஸ்தோட்டம், திருகோணமலை:
நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் மலசலகூடம் வளவின் கோடியில், கிணற்றுக்கு அப்பால் இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். மாரி மழையில் பாசி பிடித்த சீமெந்தில் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவதற்குள் எனக்கு உயிர் போய் வருகிறது. வீட்டுக்கார அக்கா கனடாவில். "அறையோடு சேர்த்து ஒன்று கட்டுங்கள், செலவை வாடகையில் கழிக்கலாம்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். பின்சுவரை உடைத்துக் கதவு வைத்து, 5 அடிக்கு 8 அடியில் இறக்க வேண்டும். இதற்கெல்லாம் பிளான் எதற்கு என்கிறார் மேசன். பக்கத்து வீட்டு ஐயாவோ சபை வந்து நிறுத்தும் என்கிறார். யார் சொல்வது சரி?

குமரன்:
ஐயா சொல்வதுதான் சரி, தங்கச்சி. வர்ணம் பூசுவது, உடைந்த ஓடு மாற்றுவது திருத்த வேலை. வெளிச்சுவரை உடைப்பதும் புதிய அறை சேர்ப்பதும் அப்படியல்ல. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டப்படி முன்அனுமதி வேண்டும். பிரதேச சபையில் படிவம் எடுங்கள். காணி உறுதிப் பிரதி, நில அளவைப் படம், சோலைவரிப் (சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பற்றுச்சீட்டு கேட்பார்கள். விண்ணப்பத்தில் வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். அல்லது அவரது அற்றோர்னித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்திட எழுத்தில் தரும் அதிகாரம்) பெற்றவர். தொலைபேசியில் சொன்னது அங்கே செல்லாது. கடலிலிருந்து 300 மீட்டருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் விசாரியுங்கள்.

எனக்குப் பெரிய கவலை மலக்குழிதான். நம்முடைய மணலில் தண்ணீர் மேலேயே கிடக்கிறது. குழியில் ஊறுவது கிணற்றுக்கு வர அதிக நாள் ஆகாது. 50 அடியாவது தள்ளுங்கள். பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்து பாருங்கள், அவர்களும் அதைத்தான் குடிக்கிறார்கள்.

தர்ஷினி:
நன்றி அண்ணா. வளவு சிறியது, அவ்வளவு தூரம் வராது. பழைய குழிக்கே குழாய் இழுக்கலாமா?

குமரன்:
இழுக்கலாம், குழி நல்ல நிலையில் இருந்தால். குழாய்க்கு வாட்டம் (சரிவு) கிடைக்கிறதா என்று முதலில் நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து இடத்தைக் காட்டிவிட்டே படம் வரையக் கொடுங்கள்.

சுகந்தி:
வாடகையில் கழிப்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள், தங்கச்சி: மொத்தம் எவ்வளவு, மாதம் எவ்வளவு, இடையில் வீட்டை விற்றால் மிச்சப் பணத்தை யார் தருவது என்று. கட்டியது வீட்டோடு போய்விடும். கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும்.