மறுமொழி: பழைய பிக்கப்பின் அடியை மாற்றுவதற்கு ஒரு சொல்: ‘அடிமாற்று’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு, வணக்கம்.

‘சேஸி ஸ்வாப்’ (பழைய வண்டியின் பாடியை வேறொரு வண்டியின் சேஸிமேல், அதாவது சக்கரங்களையும் பாடியையும் தாங்கும் அடிச்சட்டத்தின்மேல், ஏற்றுவது) என்பதற்குத் தமிழ் கேட்டு நம் குழுத் தம்பி ஒருவர் தொடங்கிய இழையை இன்று காலைதான் முழுவதும் படித்தேன். இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: சட்டமாற்று, கூடேற்றம், கூடுபாய்ச்சல், அடிச்சட்டக இடமாற்றம். நான்கிலும் எனக்கு மனக்குறை உண்டு. சொல்லுக்குப் போகுமுன் வேலையைப் பார்த்துவிடுவோம்.

1947 முதல் 1953 வரை வந்த ஷெவர்லே அரை டன் பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டு திரண்ட முகப்பு. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அடியில் குனிந்தால் வேறு கதை. முன்னாலும் பட்டைவில் (லீஃப் ஸ்பிரிங்), இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு, நான்கிலும் டிரம் பிரேக், 6 வோல்ட் மின்சாரம், வரிசையாக ஆறு சிலிண்டர். இன்றைய நெடுஞ்சாலையில் அதை ஓட்டுவது ஆசைக்குச் சரி, அன்றாடத்துக்கு ஆகாது. அதனால் அமெரிக்காவில் பலர் கேபினையும் பின்தொட்டியையும் கழற்றி எடுத்து, ஷெவர்லே எஸ்-10 என்ற பிற்காலப் பிக்கப்பின் சேஸிமேல் உட்கார வைக்கிறார்கள். பழைய வண்டியின் சக்கர இடைவெளி (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) 116 அங்குலம். நீளத்தொட்டி எஸ்-10-இல் 117.9. இரண்டு அங்குலத்துக்குள் பொருந்துவதால்தான் இந்த ஜோடி இவ்வளவு பிரபலம்.

ஃபோர்டு பக்கம் இவ்வளவு எளிதில்லை. 1953 எஃப்-100 பிக்கப்புக்குச் சக்கர இடைவெளி 110 அங்குலம். அடியில் வைக்க விரும்புகிற கிரவுன் விக்டோரியா (போலீஸும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டிய பெரிய கார், 2011-இல் தயாரிப்பு நின்றது) அதைவிட ஏறத்தாழ நாலரை அங்குலம் கூடுதல். பிக்கப்புடையது ஏணி போன்ற நேர்ச்சட்டம். காருடையது பயணிகள் தரையைச் சுற்றி அகன்று போகும் சட்டம். எனவே சட்டத்தை அறுத்துக் குறுக்க வேண்டும், கேபினின் தரையை வெட்டி உயர்த்த வேண்டும், தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். இத்தனையும் செய்தபின் மட்கார்டு வளைவின் நடுவில் சக்கரம் நிற்க வேண்டும். ஒரு அங்குலம் தள்ளி நின்றாலும், செருப்பை இடம் மாற்றிப் போட்டவரைப் பார்ப்பது போலக் கண்ணுக்குத் தப்பாது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘சட்டமாற்று’ என்றால் கேட்பவர் சட்டமன்றத்தை நினைப்பார். வேகமாகச் சொன்னால் சட்டை மாற்றுவது போலவும் காதில் விழுகிறது. ‘அடிச்சட்டக இடமாற்றம்’ பொருளில் சரி, வாயில் நிற்காது. அதோடு ‘இடமாற்றம்’ என்றதும் அரசு ஊழியருக்கு வரும் ஆணைதான் நினைவுக்கு வருகிறது.

‘கூடுபாய்ச்சல்’ அழகான சொல். புதிய வண்டியின் உயிர் பழைய கூட்டுக்குள் வருகிறது என்று இழையில் அம்மா ஒருவர் சொன்ன விளக்கத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் கூடு விட்டுக் கூடு பாய்கிற கதையில் பாய்வது உயிர். உடல் எதுவும் மாறாது. இங்கே எலும்பே மாறுகிறது. கட்டுரைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம், அகராதிக்கு வேண்டாம்.

‘கூடேற்றம்’தான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அது பட்டறையிலிருந்து வந்த சொல். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் என் மச்சானிடம் நேற்று கேட்டேன். யு-போல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “பாடிய எறக்கு, சேஸிய மாத்து, பாடிய ஏத்து. இதுக்கு என்ன பேரு வேணும்?” அந்த மூன்று வினைகளில்தான் விடை இருக்கிறது. பழைய சேஸியையே சுரண்டி, பெயின்ட் அடித்து, மறுபடி அதன்மேலேயே பாடியை வைக்கிற மீட்டமைப்பு வேலையிலும் இறக்குவதும் ஏற்றுவதும் உண்டு. ‘கூடேற்றம்’ அதையும் குறித்துவிடும். இரண்டையும் பிரிக்கிற வினை நடுவில் இருக்கிறது: மாத்து.

ஆகவே என் பரிந்துரை: அடிமாற்று. பண்டமாற்று போல ஒரே மூச்சில் வருகிறது. அடி என்றால் உதை என்று நினைப்பார்களே என்ற தயக்கம் வேண்டாம்; அடித்தளம், அடிமரம், அடிவயிறு எல்லாம் நம் வாயில் புழங்குபவைதான். செய்யுளைப் பொருள்கொள்ளும் எட்டு முறைகளில் ‘அடிமறிமாற்று’ என்றே ஒன்று உண்டு. ஓர் அடியை எடுத்து இடம் மாற்றி வைத்தாலும் பாட்டின் பொருள் கெடாது. அடியை மாற்றினாலும் வண்டி அதே வண்டியாகத் தெரிய வேண்டும் என்று பாடுபடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சினை ஏன் சொல்லில் சேர்க்கவில்லை என்று இழையில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் சேஸியோடு தொங்கிக்கொண்டு வருபவை. எஞ்சின் அப்படியில்லை. கிரவுன் விக்டோரியாவின் 4.6 லிட்டர் வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு; எஸ்-10 சேஸியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வி-8 பூட்டுபவர்களும் உண்டு. பழைய சேஸியிலேயே எஞ்சினை மட்டும் மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது ‘எஞ்சின் மாற்று’, தனியாகவே இருக்கட்டும்.

இன்னொரு வசதியும் கிடைக்கிறது. எஃப்-100 வைத்திருப்பவர்களில் பலர் முழுச் சேஸியையும் தொடுவதில்லை. 2003-க்குப் பிந்திய கிரவுன் விக்டோரியாவின் முன்சக்கரங்களைத் தாங்கும் அலுமினிய முன்பகுதியை மட்டும் கழற்றி, பழைய சட்டத்தில் பொருத்துகிறார்கள். அதை ‘முன்னடி மாற்று’ என்று சொல்லிவிடலாம்.

அடியைத் தருகிற வண்டிக்கு ‘கொடைவண்டி’ என்று எழுதிப் பார்த்தேன். உறுப்புக்கொடை, குருதிக்கொடை என்று ஏற்கெனவே சொல்வதால் உடனே புரிகிறது. பட்டறையில் இதற்கு வேறு பேச்சுச்சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளச் சம்மதம்.

பதிவுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

அடிமாற்று (பெயர்): பழைய வண்டியின் பாடியை இறக்கி, வேறொரு வண்டியின் சேஸிமேல் பொருத்தும் வேலை. “1951 ஷெவர்லேவுக்கு எஸ்-10 அடிமாற்று முடிந்தது, வயரிங் மட்டும் பாக்கி.”

அன்புடன்.