நெஞ்சில் நீர்க்கட்டி என்கிறார்கள், சிடியில் 48 காட்டுகிறதே?

தாமரை_திண்டுக்கல்:
அப்பாவுக்கு வயது 58. குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சு நடுவில் ஒரு நிழல் தெரியவே, சிடி எடுக்கச் சொன்னார்கள். டை (படத்தில் ரத்த ஓட்டம் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்து) ஏற்றாமல் எடுத்தது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே 4 செ.மீ. கட்டி, ஓரம் வழவழப்பு, அடர்த்தி 48 ஹெச்.யூ. (சிடியில் அடர்த்தியைச் சொல்லும் அலகு). 'பிறவி நீர்க்கட்டியாக இருக்கலாம், திடக்கட்டி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எம்ஆர்ஐ பார்க்கவும்' என்று ரிப்போர்ட். தண்ணீருக்கு 0 தானே? 48 என்றால் சதைக்கட்டி இல்லையா? ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். அப்பாவுக்கு இருமல்கூட இல்லை.

ஸ்கேன்_ரூம்:
நான் சிடி டெக்னீஷியன், டாக்டர் இல்லை. ஆனால் அந்த எண்ணை எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. கட்டியின் நடுவே மவுஸால் சின்ன வட்டம் போடுவோம். அதற்குள் இருக்கும் புள்ளிகளின் சராசரிதான் 48. வட்டம் ஓரத்தைத் தொட்டாலோ, உடலை 5 மி.மீ. தடிமன் துண்டுகளாகக் காட்டும் படத்தில் போட்டாலோ பக்கத்துச் சதையும் கணக்கில் கலந்துவிடும். 1 மி.மீ. படத்தில் அளந்தார்களா என்று கேளுங்கள்.

சரி, அளவு சரியென்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பிறவி நீர்க்கட்டி, கருவில் மூச்சுக்குழாய் கிளைவிடும்போது வழிதவறிய மொட்டு. உள்ளே சளி ஊறிக்கொண்டே இருக்கும், வெளியேற வழி கிடையாது. கஞ்சி ஆற ஆறக் கெட்டிப்படுகிற மாதிரி, புரதம் சேர்ந்து தடித்துவிடும். சில நேரம் சுண்ணாம்புச் சத்தும் சேரும். அப்போது எண் 40ஐத் தாண்டும், சிலருக்கு 100ஐக்கூடத் தொடும். நீர்க்கட்டிதான், சதை வேஷம் போடுகிறது.

அதனால் ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. டை ஏற்றும் முன்னும் பின்னும் அதே இடத்தில் அளக்க வேண்டும். 48 என்பது 50இல் நின்றால் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. 80க்கு ஏறினால் சதை. உங்கள் ஸ்கேனில் அந்தப் பாதியே இல்லை, எம்ஆர்ஐ எழுதியது அதற்குத்தான். காசு பிடுங்கும் எம்ஆர்ஐயும் பார்த்திருக்கிறேன், இது அந்த ரகம் இல்லை.

பட்டிக்காரன்:
மாமாவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். எங்கள் வீட்டில் ஆடும் உண்டு, நாயும் உண்டு. அண்ணனுக்கு நுரையீரலில் ஹைடாடிட் கட்டி வந்தது, நாயிடமிருந்து பரவும் நாடாப்புழு. சிடியில் உள்தோல் கழன்று தண்ணீரில் மிதந்தது பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்ததுமே சர்ஜன் ஊசிப் பேச்சே வேண்டாம் என்றார். நீர் கசிந்தால் கடுமையான அலர்ஜி வரலாம், புழுவும் பரவும். ஆபரேஷன், அப்புறம் அல்பெண்டசோல் மாத்திரை.

ஸ்கேன்_ரூம்:
ஹைடாடிட் அந்த இடத்தில் வருவது அபூர்வம். ஆனால் ஊசி விஷயத்தில் பட்டிக்காரன் சொல்வது சரி. பிறவி நீர்க்கட்டியைக் குத்தினாலும் கிருமி புகுந்து சீழ் பிடிக்கலாம். முதலில் எம்ஆர்ஐ முடியட்டும்.

தாமரை_திண்டுக்கல்:
நன்றி அண்ணா. சிறுநீரக டெஸ்டில் கிரியாட்டினின் 1.9, அதிகம், அதனால்தான் டை வேண்டாம் என்றார்கள். முழங்காலில் பிளேட் வேறு இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்க விடுவார்களா?

ஸ்கேன்_ரூம்:
பெரும்பாலான பிளேட்டுகளுக்குத் தடையில்லை. இருந்தாலும் ஆபரேஷன் சீட்டைக் காட்டி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எம்ஆர்ஐயில் டி2 என்ற வகைப் படத்துக்கு டை தேவையில்லை, நீர் இருந்தால் பெரும்பாலும் அதிலேயே வெள்ளை வெளேரென்று தெரியும். மூச்சை அடக்கச் சொல்வார்கள், அப்பாவை வீட்டிலேயே பழகச் சொல்லுங்கள். சிடியை டிஸ்க்காக வாங்கிப் போங்கள். ஃபிலிமில் யாராலும் திரும்ப வட்டம் போட்டு அளக்க முடியாது.