புதிய காரும் அப்பா கேட்ட தோடியும்

சென்ற ஆவணியில் புதிய கார் வந்த மறுவாரமே, அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்துக்கு அருகிலுள்ள எங்கள் குலதெய்வக் கோவிலுக்குப் புறப்பட்டேன். வழியில் கேட்பதற்கென்று முதல் நாள் இரவு வெகுநேரம் விழித்திருந்து, நாற்பது உருப்படிகளைப் பென்டிரைவில் ஏற்றியிருந்தேன். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம்.

அதையே முதலில் வைத்தேன். செங்கல்பட்டைத் தாண்டி வேகம் 80-ஐத் தொட்டதும் தோடி காணாமல் போயிற்று. வீட்டுக் கூடத்தில் மூச்சு விடும் இடம் உட்படத் தெளிவாகக் கேட்கும் மெல்லிய பிடிகளெல்லாம், அதாவது ராகத்தின் சின்னச் சின்ன ஸ்வரக்கோவைகளெல்லாம், டயர் இரைச்சலில் கரைந்துவிட்டன. ஒலியைக் கூட்டினேன்; அடுத்த கணமே நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு எழும்ப, பின்னிருக்கையில் இருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். பழைய காரில் கை தானாகத் தேடிப் பிடிக்கும் திருகு ஒன்று இருந்தது. இதிலோ எல்லாம் தொடுதிரை. கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்ததில், முன்னால் சென்ற லாரியின் பிரேக் விளக்கைத் தாமதமாகத்தான் கவனித்தேன். “பாட்டு எங்கேயும் போயிடாதுப்பா, ரோட்டைப் பாரு” என்றார் அப்பா.

விக்கிரவாண்டியில் தேநீருக்கு நிறுத்தியபோது வரிசையையே மாற்றினேன். குரலும் தாளமும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒலிக்கும் பழைய திரைப்பாடல்களும், அம்மாவுக்குப் பிடித்த முருகன் பாடல்களும் நெடுஞ்சாலைக்குப் பொருந்தின. ஒருமுறை ஒலியளவை வைத்துவிட்டால் பண்ருட்டி, வடலூர் கடந்தும் கை திரைப்பக்கம் போக வேண்டியிருக்கவில்லை. பிடித்த இசையை வைப்பதைவிட, அந்தச் சாலையில் காதுக்கு எட்டும் இசையை வைப்பதே முக்கியம் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

கும்பகோணத்தைத் தாண்டி மயிலாடுதுறைச் சாலையில் வேகம் நாற்பதுக்கு இறங்கியதும், ஏசி விசிறியைக் குறைத்து, தோடியை மறுபடியும் வைத்தேன். ஆடுதுறையை அடுத்து நரசிங்கன்பேட்டை வந்தபோது அப்பா ஓரமாக நிறுத்தச் சொன்னார். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் ஊர் அது. அவ்வூர் நாதஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கீச்சென்று ஒலிக்கும் திமிரி நாதஸ்வரத்துக்கு மாற்றாக, நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாதஸ்வரத்தை இராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்தது இங்கேதான் என்று அப்பா சொல்ல, எஞ்சினை அணைத்தேன். காலையில் இரைச்சலில் தொலைந்த பிடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தாளமில்லாமல் ராகத்தை விரித்து வாசிக்கும் அந்த ஆலாபனை முடியும்வரை மூவரும் பேசவில்லை.

* * *

மேலே தோடியைப் பற்றி எழுதிய சகோதரருக்கு என் அனுபவத்தையும் சொல்ல விரும்புகிறேன். நான் கோவையில் தினமும் தனியாகக் கார் ஓட்டுபவள். எனக்கு வீணைதான் எல்லாம். ஆனாலும் முதல் 1,000 கிலோமீட்டர் வரை எதையுமே வைக்கவில்லை. புது எஞ்சினின் சத்தம் காதுக்குப் பழகினால்தான் பின்னால் ஏதேனும் மாறும்போது தெரியும் என்று நினைத்தேன். அந்த அமைதியில்தான், இடப்பக்கம் டிக் டிக்கென்று கேட்ட சத்தம், ஆளில்லாத இருக்கையின் சீட் பெல்ட் கொக்கி பக்கத்துத் தூணில் மோதுவது என்று கண்டுபிடித்தேன்.

பிறகு வீணையை வைத்தபோது, ஒலி முழுவதும் என் வலது முழங்காலுக்கு அருகிலிருந்தே வருவதுபோல் இருந்தது. ஓட்டுபவர் வலக்கதவின் ஸ்பீக்கரை ஒட்டி அமர்வதால் அப்படி ஆகிறது. ஒலியை இடம், வலம் பிரிக்கும் பேலன்ஸை மூன்று படி இடப்பக்கம் நகர்த்தினேன். வீணை நேர் எதிரே வந்து அமர்ந்தது. ஒலியளவைக் கூட்டாமலேயே ஸ்வரங்களின் அசைவுகளான கமகங்கள் கேட்கின்றன, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனும் கேட்கிறது.