இறால்-ஆமை கேஸ்: உலக வர்த்தக அமைப்பு உண்மைல யார் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு?

நாகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் எம்ஏ பொருளாதாரம் ரெண்டாவது வருஷம், ஊரு நாகப்பட்டினம் பக்கம், வீட்ல மீன்பிடி தொழில்தான். வளரும் நாடுகளோட சுற்றுச்சூழல் விஷயத்துல வர்த்தக அமைப்புகள் கை வைக்கலாமான்னு செமினார் பேப்பர் எழுதணும், அதுக்கு 1998 இறால்-ஆமை தீர்ப்பை எடுத்துருக்கேன். ஒரு இடத்துல படிச்சா இந்தியா ஜெயிச்சுதுன்னு இருக்கு, இன்னொரு இடத்துல அமெரிக்கா செஞ்சது செல்லும்னு இருக்கு, எது சரின்னே புரியல. எங்க சித்தப்பா விசைப்படகு வச்சிருக்கார், அவர்கிட்ட கேட்டா ஆமை பேரைச் சொல்லி நம்ம சரக்கை அடிக்கிற வேலைங்கறார். எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான் போகுது, ஆனா மாசி பங்குனில கரைல செத்து ஒதுங்குற ஆமையை சின்ன வயசுலேருந்து பாத்துட்டும் இருக்கேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வழக்குமேசை:
தம்பி, நீங்க படிச்ச ரெண்டுமே சரிதான், அதனாலதான் குழப்பம். முதல்ல ஒண்ணு தெளிவாக்கிக்கங்க, ஆமையைக் காப்பாத்தச் சொல்லி உலக வர்த்தக அமைப்பு எந்த ரூலும் போடல. போட்டது அமெரிக்கா. 1989ல அவங்க கொண்டுவந்த சட்டத்துல 609ன்னு ஒரு பிரிவு, இழுவை மடில (படகு இழுத்துட்டுப் போற வலை) ஆமை தப்பிக்கிற கருவி (டெட்னு சொல்வாங்க) வைக்காத நாட்டோட கடல் இறால் எங்களுக்கு வேண்டாம்னு. மொதல்ல கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு மட்டும்தான் வச்சிருந்தாங்க, 1995 கடைசில அவங்க கோர்ட் ஒண்ணு உலகம் பூரா அமல்படுத்துன்னு சொல்லிருச்சு, 1996 மே 1லேருந்து நமக்கும் கதவடைப்பு. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு பேரும் சேர்ந்து ஜெனீவால இருக்கிற உலக வர்த்தக அமைப்புகிட்ட கேஸ் போட்டாங்க.

அங்க நம்ம தரப்பு வச்ச ஒரு வாதம் எனக்கு இன்னைக்கும் உறுத்தும். "தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளத்தை"க் காப்பாத்த ஒரு நாடு தடை போடலாம்னு வர்த்தக விதில ஒரு விலக்கு இருக்கு, அந்த வளம்னா நிலக்கரி, தாது மாதிரி கனிமங்கள்தான், குட்டி போட்டுப் பெருகுற உயிரினம் அதுல சேராதுன்னு வாதாடினாங்க. உலக வர்த்தக அமைப்போட மேல்முறையீட்டு அமைப்பு அதை ஏத்துக்கல. கடலாமை ஏழு இனமுமே அழியுற பட்டியல்ல இருக்கு, அதைக் காப்பாத்த ஒரு நாடு இறக்குமதியத் தடுக்கலாம்னு 1998 அக்டோபர் 12ல சொல்லிட்டாங்க. இதுல அமெரிக்கா பக்கம்.

ஆனா செஞ்ச விதம் தப்புன்னாங்க. கரீபியன் பக்கத்து 14 நாட்டுக்கு மாற 3 வருஷம் கொடுத்தாங்க, நமக்கு 4 மாசம். கருவியச் செய்யக் கத்துக்கொடுக்குறதுலயும் அங்க காட்டுன அக்கறைய இங்க காட்டல. அங்க உக்காந்து பேசி ஒப்பந்தம் போட்டாங்க, நம்மகிட்ட அந்த அளவுக்கு அக்கறையா பேசல. இன்னொண்ணு, டெட் வச்சே பிடிச்ச இறாலா இருந்தாலும் அந்த நாட்டுக்கு சர்டிஃபிகேட் இல்லன்னா திருப்பி அனுப்பினாங்க, அப்ப நோக்கம் ஆமையா, இல்ல மத்த நாட்டை வழிக்குக் கொண்டு வர்றதான்னு கேள்வி வருதுல்ல. இதுல நம்ம பக்கம். அதுக்கப்புறம் அமெரிக்கா விதிய கொஞ்சம் தளர்த்திட்டு சட்டத்தை அப்படியே வச்சிருந்துச்சு, மலேசியா திரும்பக் கேஸ் போட்டு 2001ல தோத்துருச்சு. அந்த 2001 தீர்ப்பை விட்டுட்டு எழுதினா உங்க பேப்பர் பாதிதான்.

மடிக்காரன்:
நான் கடலூர், 22 வருஷமா இழுவைப் படகு. மேல சார் சொன்னது எல்லாம் சரிதான் ஆனா படகுல என்ன நடக்குதுன்னும் எழுதுப்பா. டெட்டுங்கறது மடியோட கழுத்துல சாய்வா வைக்கிற கம்பித் தடுப்பு, ஆமை வந்து முட்டினா பக்கத்துல இருக்கிற திறப்பு வழியா வெளிய போயிரும், இறால் கம்பி இடுக்குல நுழைஞ்சு உள்ள போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க மடில இறால் மட்டுமா வருது, பெரிய மீனும் கூட வருது, அதுலதான் டீசல் காசே எடுக்குறோம், அது அந்தத் திறப்பு வழியா போனா யார் குடுப்பா? ஆமை மேல எங்களுக்கு ஒரு கோவமும் கிடையாது, உசுரோட வந்தா கையால தூக்கி கடல்லயே விட்ருவோம். ஆனா மணிக்கணக்கா இழுத்த மடில அது மூச்சு முட்டித்தான் செத்து வரும், அதைப் பாக்குறப்ப வயிறு கலங்கும்ப்பா, பொய் சொல்லல.

எங்களுக்கு யாரும் வந்து சொல்லிக்குடுக்கலங்கறதுதான் ஆதங்கம். ஒருநாள் கூட்டம் போட்டு போட்டோ எடுத்துட்டு ஆளுக்கு ஒரு கம்பி வளையத்தைக் குடுத்துட்டுப் போனாங்க, அதை மடில எந்தச் சாய்வுல கட்டணும்னு காட்டக்கூட ஆள் இல்ல.

கரைநடை:
நான் சென்னைல சீசன்ல ராத்திரி கடற்கரை நடந்து ஆமை முட்டை எடுத்து வைக்கிற குழுவுல போறவ. அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா 2025 ஜனவரில சென்னைலேருந்து தெக்க வரைக்கும் ஆயிரத்துக்கும் மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சு, நாத்தம் தாங்காம அழுதுகிட்டே எண்ணியிருக்கோம். நம்ம மாநிலச் சட்டத்துலயே 5 கடல் மைலுக்குள்ள இழுவைப் படகு வரக்கூடாதுன்னு இருக்கு, முட்டை போட வர்ற ஆமை கூடுற இடமே அதுதான், அதை நாம ஒழுங்கா பாத்திருந்தாலே பாதி உசுரு மிஞ்சியிருக்கும். வெளிநாட்டுக்காரன் தடை போடட்டும்னு நான் சொல்லல. ஆனா நாம செய்யலன்னா இன்னொருத்தன் வந்து செய்யறதுக்கு நாமதான் இடம் கொடுக்குறோம். நாகை தம்பி, உங்க சித்தப்பா கோவமும் நியாயம்தான், ஆனா அந்தக் கோவத்துல ஆமை காணாமப் போயிரக்கூடாது.

வெயில்மாடி:
இதுக்கு எதிர்ப்பக்க உதாரணம் ஒண்ணையும் சேருங்க. தேசிய சூரிய மின்சக்தி திட்டத்துல உள்நாட்டுல செஞ்ச பேனலைத்தான் ஒரு பங்கு வாங்கணும்னு இந்தியா விதி வச்சுது, அமெரிக்கா கேஸ் போட்டு 2016ல ஜெயிச்சுது. ஒரு வளரும் நாடு சொந்தமா பசுமை தொழிலை வளக்கப் பாத்தப்ப இதே அமைப்பு குறுக்க நின்னுச்சு. அவங்க பார்வைல நோக்கம் பசுமையாங்கறத விட வெளிநாட்டுச் சரக்கைப் பாகுபாடு பண்ணியாங்கறதுதான் கேள்வி.

நாகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கரைநடை அக்கா, நீங்க சொன்னது மனசுல பட்டுச்சு. வழக்குமேசை அண்ணா, ஒரு சந்தேகம், தீர்ப்பு நமக்குப் பாதி சாதகம்னா இப்பவும் அமெரிக்கா நம்ம கடல் இறாலை வாங்கறதில்லன்னு சித்தப்பா சொல்றாரே?

வழக்குமேசை:
ஆமா தம்பி, நம்ம கருவி அவங்க அளவுக்கு இல்லன்னு 2019 வாக்குலேருந்து திரும்பத் தடை. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை கிடையாது, நாம அனுப்புறதுல பெரும்பங்கு அதுதான், அதனால டெல்லில பெருசா சத்தம் வரல, அடி வாங்குனது மடிக்காரன் அண்ணன் மாதிரி ஆளுங்கதான். கொச்சி மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அமெரிக்க ஆளுங்களோட சேர்ந்து நம்ம படகுக்கு ஏத்த கருவியச் சோதிச்சிருக்காங்க. 1998லயே இதைச் செஞ்சிருக்கணும். தீர்ப்புல 173லேருந்து 175 வரைக்கும் உள்ள பத்திகளை சித்தப்பாவுக்கு தமிழ்ல படிச்சுக் காட்டுங்க, அவகாசமும் தொழில்நுட்பமும் நமக்குக் கிடைச்சிருக்கணும்னு அவர் வாயாலயே சொல்வார். அவர் சொல்றதையும் பேப்பர்ல சேருங்க.

மடிக்காரன்:
தம்பி அதை இங்கயும் தமிழ்ல போடுப்பா, எங்க சங்கத்துல படிக்கணும்.