ஓல்டமிலிருந்து மதுரை மில்லுக்கு வந்த பூட்டன்: அவருடைய குடும்பத்தை எங்கிருந்து தேடுவது?

பொன்மேனிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மா ஆங்கிலோ இந்தியர், மதுரை ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அப்பாவுக்கு சோழவந்தான் பக்கம். நாங்கள் தமிழ் பேசித்தான் வளர்ந்தோம். அப்பா வழியில் குலதெய்வக் கோயிலுக்குப் போனால் போதும், பங்காளிகள் யார், எந்தத் தலைமுறையில் யார் எந்த ஊருக்குப் பிரிந்து போனார்கள் என்று பெரியப்பா வரிசையாகச் சொல்லிவிடுவார். அம்மா வழியில் பாட்டியின் அப்பாவோடு எல்லாம் நின்றுவிடுகிறது.

அவர், அதாவது என் பூட்டன், இங்கிலாந்தில் லங்காஷயரில் ஓல்டம் என்ற ஊரில் 1860-களின் கடைசியில் பிறந்தவர். மதுரை ஹார்வி மில்லில் எந்திரம் பொருத்த வந்த ஃபிட்டர், திருச்சி ரயில்வே கார்டு ஒருவரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டார் என்று அம்மா சொல்வார். துரைமார் குடும்பம் என்றாலே பங்களா, குதிரை வண்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது அப்படிப்பட்ட குடும்பம் இல்லை. பூட்டனின் அப்பா பஞ்சாலையில் நூல் நூற்றவர், அம்மா பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ரூமில் வேலை பார்த்தவர், பிள்ளைகளும் சின்ன வயதிலேயே மில்லுக்குப் போனவர்கள். எங்கள் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் பூட்டனின் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, அம்மாவுக்கு முதல் பெயர் மட்டும்தான். பூட்டனின் அக்கா ஒருத்தி அமெரிக்காவில் ஃபால் ரிவர் என்ற ஊருக்கும், அண்ணன் ஒருவர் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்கும் போய்விட்டதாக அதே பக்கத்தில் ஒரு குறிப்பு. பாட்டியின் கடைசித் தம்பி சுதந்திரத்துக்கு அப்புறம் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போனார், அந்தக் குடும்பத்தோடு இப்போது தொடர்பு இல்லை.

சிக்கல் என்னவென்றால், குடும்பப் பெயர் லங்காஷயரில் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர். ஒரு இணையதளத்தில் அதே பெயர், அதே பிறந்த வருஷத்தோடு ஒருவரைப் போட்டு, அவரை ஒரு பெரிய நிலச்சுவான்தார் குடும்பத்தோடு சேர்த்து 1500-கள் வரைக்கும் மரம் வரைந்து வைத்திருக்கிறார்கள். என் மாமா மகன் அதை அப்படியே எடுத்து சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு நிஜமான பெயர்கள் வேண்டும், முக்கியமாகத் தன் தாத்தாவைப் பெற்றவள் எந்த வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

மேலூர் வாத்தியார்:

அம்மா, அந்த மரத்தைத் தொடவே தொடாதீர்கள். ஒருவர் ஊகித்துப் போட்டதை இன்னொருவர் நகலெடுத்து, அதை நாற்பது பேர் நகலெடுத்து, கடைசியில் எல்லோரும் சொல்கிறார்களே என்று உண்மையாகிவிடும். கூலிக் குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய கண்ணி.

இங்கிலாந்திலிருந்து ஆரம்பிக்காமல் மதுரையிலிருந்து ஆரம்பியுங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் வருஷாவருஷம் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. சென்னை மாகாணத்துக்கான வரிசையின் குறியீடு N/2. வம்சாவளி தேடுகிற ஃபேமிலிசர்ச் தளத்தில் அட்டவணை இலவசம், பக்கத்தின் படம் வேண்டுமென்றால் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். பூட்டனின் கல்யாணப் பதிவு கிடைத்தால் அதில் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருடைய அப்பா பெயரும் இருக்கும், வயதும் தொழிலும் இருக்கும். பைபிளில் உள்ள பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்காக ஃபிபிஸ் என்று ஒரு சங்கமும் இருக்கிறது, அவர்களுடைய தேடுதளம் இலவசம்.

அப்புறம் ஓல்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவு. ஜி.ஆர்.ஓ. என்ற பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்த்துக் காட்டுகிறார்கள். உங்கள் கேள்விக்கு அதுதான் சாவி. ஃப்ரீபிஎம்டி என்ற தன்னார்வலர் தளத்திலும் தேடலாம். ஆனால் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு, அட்டவணை மூன்று மாதக் கணக்கில் இருக்கும், ஆகவே பிப்ரவரி கடைசியில் பிறந்த குழந்தை ஜூனில் முடிகிற காலாண்டில் இருக்கலாம். அடுத்தது, 1875-க்கு முன்னால் பிறப்பைப் பதியாவிட்டால் தண்டனை இல்லை, அதனால் ஏழை வீடுகளில் சில பிள்ளைகள் விட்டுப்போயிருக்கும். அப்படியானால் சர்ச் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். லங்காஷயருக்கு ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ் என்ற இலவசத் தளம் இருக்கிறது, தங்கமான வேலை செய்திருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. 1841-ல் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், அதை நம்பிப் பிறந்த வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். 1851-லிருந்துதான் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்ற விவரம் வரும். 1911 எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, அதில் இறந்தது எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள், குடும்பத் தலைவரே தன் கையெழுத்தில் நிரப்பிய தாள் அப்படியே இருக்கிறது. பிறந்தது ஒன்பது, இறந்தது ஐந்து என்று ஒரு நூற்பாலைக்காரர் எழுதியதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துவிடும். உங்களுக்கு இப்போதைக்கு 1871-ம் 1881-ம் போதும். 1881 முழுக்க ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும்.

ஆரப்பாளையத்தான்:

அக்கா, நானும் மில்லில் இருந்தவன்தான், அப்பாவும் மில். அதனால் தொழில் பத்தியை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

கணக்கெடுப்பில் பூட்டனின் அப்பாவை ‘மைண்டர்’ என்று எழுதியிருந்தால் அவர் நூல் நூற்கிற மியூல் எந்திரத்துக்குப் பொறுப்பானவர், நூற்கும் ஆட்களில் மேல்படி. அவருக்குக் கீழே அறுந்த நூலை ஒட்டுகிற பீசர்கள், பெரிய பீசர், சின்னப் பீசர் என்று இரண்டு வகை. அவர்களுக்குச் சம்பளம் மைண்டர் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும், அதனாலேயே பல பேர் சொந்தப் பிள்ளைகளையே பீசராக வைத்துக்கொண்டார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு நேரே ‘ஹாஃப் டைமர்’ என்று இருந்தால் பாதி நாள் மில், பாதி நாள் பள்ளிக்கூடம் என்று அர்த்தம். 1844 சட்டப்படி எட்டு வயதிலேயே அப்படி வேலைக்கு எடுக்கலாம், 1918 கல்விச் சட்டம் வந்த பிறகுதான் அந்த முறை ஒழிந்தது. கார்டிங் ரூம் தூசி எப்படி என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, என் அப்பா இருமி இருமியே போனார். பூட்டனின் அம்மாவின் இறப்புச் சான்றிதழை வாங்கினால் காரணம் என்ற இடத்தைப் பாருங்கள்.

பூட்டன் ஃபிட்டர் என்கிறீர்கள், ஓல்டம் என்கிறீர்கள். ஓல்டமில் பிளாட் பிரதர்ஸ் என்ற கம்பெனி இருந்தது, பஞ்சாலை எந்திரம் செய்வதில் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரியது, ஒரே ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை. எந்திரத்தை ரஷ்யா, இந்தியா என்று கப்பலேற்றும்போது பொருத்திக் கொடுக்க ஆளையும் அனுப்புவார்கள். அப்படி வந்தவராக இருக்க வாய்ப்பு உண்டு. கம்பெனியின் பழைய ஆவணங்கள் பிரெஸ்டனில் லங்காஷயர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம்.

கூடல்நகர்:

வாத்தியார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பெயர் இவ்வளவு சாதாரணமாக இருக்கும்போது ஓல்டமுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்பார்கள், எது உங்கள் ஆள் என்று தெரியாது. நான் சொல்வது, ஊரை விட்டுப் போன அக்காவையும் அண்ணனையும் முதலில் பிடியுங்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்து இறப்புச் சான்றிதழில் வயது வந்தவர்களுக்குப் பெற்றோர் பெயர் பொதுவாகப் போட மாட்டார்கள். குயின்ஸ்லாந்து இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், எந்த ஊரில் பிறந்தார், இந்தக் குடியேற்றத்துக்கு வந்து எத்தனை வருஷம், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். தகவல் கொடுத்தவருக்குத் தெரிந்தவரைக்கும்தான் வரும், இருந்தாலும் வீட்டில் இருந்தவர்களைப் பற்றி வெளியே போனவரின் காகிதம்தான் அதிகம் பேசுகிறது. ஃபால் ரிவர் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அப்படித்தான், அங்கே பிறப்பு இறப்பு கல்யாணம் 1841-லிருந்து மாநிலப் பதிவில் இருக்கிறது, இறப்பில் பெற்றோர் பெயர் உண்டு.

ஃபால் ரிவர் என்றதும் எனக்கு ஆச்சரியம் இல்லை. லங்காஷயர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போன பஞ்சாலை ஊர் அது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து பருத்தி வராமல் நின்றபோது லங்காஷயரில் மில்கள் மூடி, 1865 வரைக்கும் பட்டினி. அந்தப் பஞ்சத்தில் ஆரம்பித்த கிளம்பல் அப்புறமும் நிற்கவில்லை. உங்கள் பூட்டன் பிறந்ததே அந்த அடி ஆறாத வருஷங்களில். அந்த அக்காவை 1900 அமெரிக்கக் கணக்கெடுப்பில் தேடுங்கள், எந்த வருஷம் நாட்டுக்குள் வந்தார் என்று ஒரு பத்தி இருக்கும். 1890 கணக்கெடுப்பு தீயில் போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை விடாதீர்கள். கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறியிருக்கும், ஆகவே கல்யாணப் பதிவை முன்னால் எடுங்கள். அண்ணனுக்கு, அரசு உதவியோடு கப்பலேறியிருந்தால் குயின்ஸ்லாந்து மாநில ஆவணக் காப்பகத்தில் 1848 முதல் 1912 வரைக்கான இலவச அட்டவணை இருக்கிறது. ட்ரோவ் தளத்தில் பழைய ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் இலவசம், ஊர்ப் பத்திரிகை இரங்கல் குறிப்பில் ‘ஓல்டமில் பிறந்தவர்’ என்று ஒரு வரி இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

பெர்த் தாத்தாவையும் விடாதீர்கள். 1947-ல் மனூரா என்ற கப்பலில் ஃப்ரீமேன்டிலுக்குப் போன ஆங்கிலோ இந்தியர்களிலிருந்து ஆரம்பித்து, அங்கே வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை இருந்த காலம். உங்கள் வம்சத்தில் ஐரோப்பிய ரத்தம் அதிகம் என்று காட்டு என்று கேட்டு, தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு அம்மா வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவரை எடுத்து இன்னொருவரைத் தள்ளியதும் நடந்தது. கேட்க வேண்டாத கேள்வி அது, என் பெரியம்மா குடும்பம் அதில் பட்டது கொஞ்சம் இல்லை. ஆனால் அந்தக் கோப்பு இன்னும் இருந்தால், உங்கள் பாட்டியின் தம்பி அன்றைக்குத் திரட்டிக் கொடுத்த குடும்பக் காகிதங்கள் அதற்குள்ளேயே இருக்கலாம். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடுதளத்தில் அவர் பெயரையும் பிறந்த வருஷத்தையும் போட்டுப் பாருங்கள்.

பொன்மேனிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 1881-ல் குடும்பம் கிடைத்துவிட்டது! அப்பா, அம்மா, ஆறு பிள்ளைகள், குயின்ஸ்லாந்து அண்ணன், ஃபால் ரிவர் அக்கா எல்லோரும் பைபிளில் இருக்கிற அதே பெயரில், அதே வயது வரிசையில் இருக்கிறார்கள். அந்த நிலச்சுவான்தார் மரத்தில் உள்ள ஆள் அதே கணக்கெடுப்பில் வேறு மாவட்டத்தில் தன் அப்பா அம்மாவோடு இருக்கிறார், ஆக அந்தக் கதை முடிந்தது. இன்னொன்று, கடைசி வரியில் 71 வயது விதவை ஒருத்தி இருக்கிறாள், வேறு குடும்பப் பெயர், குடும்பத் தலைவருக்கு ‘மாமியார்’ என்று போட்டிருக்கிறது, பிறந்த இடம் அயர்லாந்து என்று மட்டும். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறார்.

மேலூர் வாத்தியார்:

அம்மா, நீங்கள் தேடிய பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. குடும்பத் தலைவருக்கு மாமியார் என்றால் பூட்டனைப் பெற்றவளின் தாய். அந்த விதவையின் குடும்பப் பெயர்தான் பெரும்பாலும் நீங்கள் கேட்ட பிறந்த வீட்டுப் பெயர். அவள் மறுமணம் செய்திருந்தால் மட்டும் மாறும், அதனால் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜி.ஆர்.ஓ. அட்டவணையில் ஓல்டம் மாவட்டத்தில் அந்த ஆறு பிள்ளைகளின் பிறப்பையும் எடுத்து, தாயின் பெயர் இடத்தில் ஆறுக்கும் அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பூட்டனின் பிறப்புப் பதிவுக்கு மட்டும் காசு கட்டிப் படத்தை வாங்குங்கள், சில பவுண்டுதான்.

அயர்லாந்து என்பதால் கத்தோலிக்கக் குடும்பமாக இருந்திருக்கலாம். அப்படியென்றால் பூட்டனின் கல்யாணம் லண்டனுக்குப் போன ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பதிவில் வராமலே போயிருக்கலாம். கீழவெளி வீதி வியாகுல மாதா கோயில் பதிவேட்டைக் கேளுங்கள், திருச்சியில் பெண் வீட்டுப் பங்குக் கோயிலிலும் விசாரியுங்கள், கல்யாணம் பெரும்பாலும் பெண் ஊரில்தான் நடந்திருக்கும். சேசு சபை மதுரை மிஷனின் ஆவணங்கள் கொடைக்கானல் செண்பகனூரில் இருக்கின்றன, முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுப் போங்கள். அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 டப்ளின் தீயில் போய்விட்டது, ஆகவே அந்தப் பாட்டி எந்த ஊர் என்பதை ஓல்டம் கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகளில்தான் முதலில் தேட வேண்டும். 1851, 1861 கணக்கெடுப்புகளிலும் பாருங்கள், சில எழுத்தர்கள் நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் மாவட்டத்தையும் எழுதியிருக்கிறார்கள்.