பெர்சி குடும்பம்: 1750-ஐப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

ஏட்டுச்சுவடி:
இங்கிலாந்துக் கோட்டைகள் பற்றிய இழையில் கோட்டைவாசி நேற்று எழுதியது இது: “நார்தம்பர்லாந்தின் பெர்சிகள் 1309 முதல் இன்றுவரை அன்னிக் கோட்டையில் தகப்பனுக்குப் பின் மகன் என்று அறுபடாமல் ஆண்டுவருகிறார்கள். நார்மன் படையெடுப்பின் காலத்தில் வந்த இரத்தம் அது.” அதற்குக் கீழே வரிசையாகப் பாராட்டுகள். ஒருவர்கூட ஆண்டுகளைச் சரிபார்க்கவில்லை.

ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் வகித்த பெர்சிகளின் ஆண் வழி 1670-இல் முடிந்துவிட்டது. 11-ஆம் ஏர்ல் ஜோசலின் பெர்சி டூரின் நகரில் இறந்தபோது அவருக்கு இருந்த ஒரே வாரிசு எலிசபெத் என்ற சிறுமி. அவர் 1682-இல் மணந்தது சாமர்செட் டியூக் சார்ல்ஸ் சீமோரை. அதன் பின் அந்தச் சொத்து சீமோர்களுடையது. அவர்களிடமிருந்து அது போனது ஹியூ ஸ்மித்சன் என்ற யார்க்ஷயர்க்காரருக்கு. அவர் எலிசபெத்தின் பேத்தியை 1740-இல் மணந்தவர். மாமனார் 1750-இல் இறந்ததும் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பெயரைப் பெர்சி என்று மாற்றிக்கொண்டார். இன்றைய டியூக் அவருடைய ஆண் வழிச் சந்ததி. ஆகவே அன்னிக்கில் இருப்பவர்கள் ஸ்மித்சன்கள். இதற்குப் பதில் வேண்டும்.

கோட்டைவாசி:
பதில் எளிது. ஹியூ ஸ்மித்சனின் மனைவி எலிசபெத் சீமோர், 11-ஆம் ஏர்லின் கொள்ளுப்பேத்தி. அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் பெர்சி இரத்தம் இல்லையா? நிலம் அதே நிலம், கோட்டை அதே கோட்டை. முதலாம் ஹென்றி பெர்சி டர்ஹாம் பிஷப் ஆன்டனி பெக்கிடம் விலைக்கு வாங்கிய அன்னிக் இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. எழுநூறு ஆண்டுகளைத் தாண்டி ஒரு குடும்பம் ஒரே கோட்டையை வைத்திருப்பது உங்களுக்கு உறுத்துகிறது என்றால் நான் என்ன செய்ய?

ஏட்டுச்சுவடி:
“தகப்பனுக்குப் பின் மகன்” என்று எழுதியது நீங்கள். இப்போது கொள்ளுப்பேத்தியைக் கொண்டுவருகிறீர்கள். 1750-இல் சட்டம் போட்டுப் பெயர் மாற்றினாரா இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மல்லிகைப்பந்தல்:
ஏட்டுச்சுவடி ஐயா, மகள் வழியாக வந்தால் வம்சம் அறுந்துபோயிற்று என்பது உங்கள் தீர்ப்பு. அப்படியானால் உங்கள் கணக்கில் பெர்சிகள் 1670 வரைகூட வந்திருக்க முடியாது. குடும்பத்தின் மூதாதை வில்லியம் த பெர்சியின் ஆண் வழி 12-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்தது. சொத்து ஆக்னெஸ் என்ற மகளுக்குப் போனது. அவர் மணந்தவர் லுவேன் நாட்டு ஜோசலின், அரசர் முதலாம் ஹென்றியின் இரண்டாம் மனைவி அடெலைசாவின் சகோதரர். அவர்களுடைய சந்ததி தாயின் பெயரை எடுத்துக்கொண்டது. ஷ்ரூஸ்பரிப் போரில் மாண்ட ‘ஹாட்ஸ்பர்’ ஹென்றி பெர்சி, அவர் தந்தை முதல் ஏர்ல், எல்லோரும் அந்தப் பெண்ணின் வயிற்று வாரிசுகள்தான். ஆக்னெஸ் வழியாக வந்தால் பெர்சி, எலிசபெத் வழியாக வந்தால் ஸ்மித்சன் என்பது எந்த ஊர் நியாயம்?

ஏட்டுச்சுவடி:
இரண்டும் ஒன்றல்ல. ஜோசலின் ஒரு அரசியின் சகோதரர், லுவேன் பிரபுவின் மகன். ஸ்மித்சனின் மூதாதை லண்டனில் நூலும் நாடாவும் பொத்தானும் விற்றவர். முடியாட்சி மீண்ட காலத்தில் பாரனெட் பட்டம் பெற்ற கடைக்காரக் குடும்பம் அது. அந்த வீட்டுப் பிள்ளை ஹாட்ஸ்பரின் பெயரை எடுத்துப் பூண்டுகொண்டதை வாரிசுரிமை என்று எழுதாதீர்கள்.

நாணயக்காரன்:
நில்லுங்கள். இப்போது உங்கள் உண்மையான மனக்குறை வெளியே வந்துவிட்டது. கடைக்காரர் என்பதுதான் குற்றமா? என் தாத்தா துணிக்கடை வைத்திருந்தவர். அந்த வருமானத்தில்தான் நாங்கள் படித்தோம். வாள் எடுத்து நிலம் பிடித்தவன் உயர்ந்தவன், முழம் போட்டு விற்றவன் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தோடு வரலாறு எழுத வராதீர்கள். பெர்சிகள் அன்னிக்கை வாளால் வென்றார்களா? பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

ஏட்டுச்சுவடி:
நான் யாருடைய தாத்தாவையும் சொல்லவில்லை. சொல்லை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கேள்வி 1750.

நாணயக்காரன்:
“கடைக்காரக் குடும்பம்” என்று எழுதியது யார்? அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், பிறகு 1750-க்கு வரலாம்.

வைகைக்கரை:
இந்தக் குடும்பத்தின் பெயருக்கு இத்தனை சண்டையா? அந்தப் பெயரில் அப்படி என்ன பெருமை இருக்கிறது? 1485-இல் பாஸ்வர்த் களத்தில் 4-ஆம் ஏர்ல் தன் படையோடு நின்று வேடிக்கை பார்த்தார். அவருடைய அரசர் மூன்றாம் ரிச்சர்டு எதிரிகள் நடுவே வெட்டுண்டு விழுந்தார், பெர்சியின் ஆட்கள் அசையவில்லை. நான்கு ஆண்டு கழித்து 1489-இல் வரி எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் தர்ஸ்க் அருகே அவரைக் கொன்றது. பக்கத்தில் இருந்த அவருடைய ஆட்கள் காப்பாற்றவில்லை. செய்தது திரும்பி வந்தது.

கோட்டைவாசி:
வைகைக்கரை, களத்தின் நிலஅமைப்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏர்ல் பின்படையில் நிறுத்தப்பட்டிருந்தார். முன்னே சதுப்பு நிலம் இருந்ததால் நகர முடியவில்லை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அவர் துரோகி என்றால் வென்ற ஏழாம் ஹென்றி அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது ஏன்? துரோகத்துக்குக் கிடைக்கும் பரிசு சிறையா?

வைகைக்கரை:
சில மாதங்களில் விடுதலை செய்து வடக்கின் பொறுப்பை மறுபடியும் கொடுத்தாரே, அது என்ன?

கோட்டைவாசி:
வடக்கை ஆள வேறு ஆள் இல்லை. அதனால் கொடுத்தார். ஸ்காட்லாந்து எல்லையைக் காக்கப் பெர்சிகளை விட்டால் வடக்கின் இன்னொரு பெரிய பிரபுக் குடும்பமான நெவில்கள். நெவில்களின் நிலைமை அப்போது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஏட்டுச்சுவடி:
பாஸ்வர்த்துக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். “அறுபடாமல்” என்ற கூற்றுக்கு எதிராக நான் வைப்பதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 1461-இல் 3-ஆம் ஏர்ல் டவ்டன் போரில் இறந்தார், பட்டம் பறிக்கப்பட்டது. 1464-இல் அது ஜான் நெவிலுக்குப் போய் 1470-இல்தான் திரும்பியது. 1537-இல் 6-ஆம் ஏர்ல் பிள்ளை இல்லாமல் இறந்தார். அதே ஆண்டு அவர் தம்பி தாமஸ் பெர்சி வடக்கின் கலகத்துக்காகக் கொல்லப்பட்டதால் இருபது ஆண்டு ஏர்ல் என்று யாருமே இல்லை. நடுவே 1551-இல் ஜான் டட்லி நார்தம்பர்லாந்து டியூக் ஆகி, 1553-இல் தலை இழந்தார். அரசி மேரி 1557-இல்தான் பெர்சிகளுக்குப் பட்டத்தைப் புதிதாகத் தந்தார். 1670-க்குப் பிறகு இரண்டாம் சார்ல்ஸ் நார்தம்பர்லாந்துப் பட்டத்தை எடுத்துத் தன் மணவழி அல்லாத மகன் ஜார்ஜ் ஃபிட்ஸ்ராய்க்குக் கொடுத்தார். 1674-இல் ஏர்ல், 1683-இல் டியூக். அவர் 1716-இல் வாரிசின்றி இறந்தார். அது வரை நார்தம்பர்லாந்து என்ற பட்டத்துக்கும் பெர்சிகளுக்கும் தொடர்பே இல்லை. எங்கே உங்கள் அறுபடாத தொடர்ச்சி?

மல்லிகைப்பந்தல்:
பட்டம் பறிபோவதும் வம்சம் அறுவதும் ஒன்றா? 1572-இல் 7-ஆம் ஏர்லின் தலையை யார்க்கில் வெட்டினார்கள். அவர் தம்பி 8-ஆம் ஏர்ல் ஆனார், 1585-இல் லண்டன் கோபுரச் சிறையில் குண்டுபட்டு இறந்துகிடந்தார். அவர் மகன் 9-ஆம் ஏர்ல், நாடாளுமன்றத்தைத் தகர்க்க நடந்த வெடிமருந்துச் சதியில் உறவினர் தாமஸ் பெர்சி சிக்கியதால் 1621 வரை அதே கோபுரத்தில் கிடந்தார். முப்பதாயிரம் பவுண்டு அபராதம் வேறு. இத்தனைக்குப் பிறகும் அந்தக் குடும்பம் எழுந்து நின்றது. உங்களுக்கு அதில் தெரிவதெல்லாம் ஒரு பெயர்மாற்றச் சட்டம் மட்டுமா?

ஏட்டுச்சுவடி:
ஆம், அதுதான் தெரிகிறது. ஏனென்றால் நான் கேட்டது அதைத்தான். இன்னொன்றும் கேட்கிறேன். 11-ஆம் ஏர்ல் இறந்ததும் டப்ளினில் பெட்டி செய்யும் தொழிலாளி ஜேம்ஸ் பெர்சி என்பவர் ஏர்ல் பட்டத்துக்கு உரிமை கோரினார். பல ஆண்டுகள் வழக்காடினார். 1689-இல் பிரபுக்கள் அவை அவருடைய கோரிக்கையைத் தள்ளியது மட்டுமல்ல, பொய்யாகவும் வெட்கமின்றியும் பட்டத்துக்கு உரிமை கோரியவர் என்று எழுதிய தாளை மார்பில் மாட்டிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் நீதிமன்றங்கள் முன் நிற்கவைத்தது. பெர்சி என்ற பெயரோடே பிறந்தவருக்கு அந்த அவமானம். அறுபது ஆண்டு கழித்து ஸ்மித்சனுக்கு அதே பட்டம், அதே பெயர், 1766-இல் அதற்கு மேல் டியூக் பதவி. இதைப் படித்து உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

நாணயக்காரன்:
ஆக, பெட்டி செய்பவருக்காக இரக்கம், பொத்தான் விற்றவருக்கு இளக்காரம். நல்ல அளவுகோல். நான் கேட்ட வருத்தம் இன்னும் வரவில்லை.

கோட்டைவாசி:
ஜேம்ஸ் பெர்சி தன் வம்சத் தொடர்பை நிரூபிக்கவில்லை. ஒரு மூதாதையைச் சொன்னார், அது பொருந்தவில்லை என்றதும் வேறொருவரைச் சொன்னார். ஸ்மித்சன் யாரையும் ஏமாற்றவில்லை. 1749-இல் இரண்டாம் ஜார்ஜ் அரசர் மாமனார் அல்ஜெர்னான் சீமோருக்கு ஏர்ல் பட்டம் தந்தபோதே, அவருக்குப் பின் மருமகனுக்கு என்று ஆணையில் எழுதித்தான் தந்தார். அந்த மாமனாருக்கு இருந்த ஒரே மகன் 1744-இல் அம்மைநோயில் இறந்துவிட்டான். பிறகு மகளுக்குத்தானே போகும்?

ஏட்டுச்சுவடி:
மகளுக்கு முழுவதும் போகவில்லையே! அதையும் மறைக்கிறீர்கள். கிழவர் சார்ல்ஸ் சீமோர், 6-ஆம் சாமர்செட் டியூக், ஸ்மித்சனை வெறுத்தார். பட்டமும் நிலமும் வேறொரு பேரன் சார்ல்ஸ் விண்டமுக்குப் போகவேண்டும் என்று அரசரிடம் முறையிட்டார். பெட்வொர்த் மாளிகை விண்டமுக்குத்தான் போனது. பெட்வொர்த் எது தெரியுமா? ஜோசலினுக்கு அரசி அடெலைசா வழியாகக் கிடைத்த நிலம், 9-ஆம் ஏர்லைப் புதைத்த ஊர். அன்னிக்கை வாங்குவதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்னமே அவர்களுக்குச் சொந்தமானது. விண்டமும் எலிசபெத் பெர்சியின் மகள் வயிற்றுப் பேரன்தான், அதே இரத்தம்தான். அவர் பெர்சி என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. விண்டமாகவே இருந்து விண்டமாகவே இறந்தார். நேர்மை அது.

பழையவாசகன்:
ஏட்டுச்சுவடிக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆஸ்திரிய அரச குடும்பம் பற்றிய இழையில், மரியா தெரசா லொரைன் பிரபுவை மணந்த பிறகும் அது ஹாப்ஸ்பர்க் வம்சம்தான் என்று என்னோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றவர் நீங்கள். “பெண் வழியை மறுப்பது அறியாமை” என்று எனக்கே எழுதினீர்கள். நான் மறக்கவில்லை. அறியாமை இப்போது யாருடையது?

ஏட்டுச்சுவடி:
அங்கே ஹாப்ஸ்பர்க்-லொரைன் என்று இரண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். தந்தையின் பெயரைத் துடைக்கவில்லை. இங்கே ஸ்மித்சன் தன் பெயரையே அழித்தார். அந்தப் பெயரை மீட்டவர் அவருடைய மணவழி அல்லாத மகன் ஜேம்ஸ். பெர்சி என்ற பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை, ஸ்மித்சன் என்ற பெயரைத் தானே எடுத்துக்கொண்டார். அவருடைய சொத்தில் பிறந்ததுதான் வாஷிங்டனில் 1846-இல் தொடங்கிய ஸ்மித்சோனியன் நிறுவனம். டியூக்குகள் கைவிட்ட பெயர் இன்று உலகம் அறிந்த பெயர்.

பழையவாசகன்:
கேட்டதற்குப் பதில் இல்லை. ஒட்டுப்பெயர் போட்டால் இரத்தம் தொடரும், போடாவிட்டால் அறுந்துவிடும் என்கிறீர்களா?

கோட்டைவாசி:
அவர் சொல்ல மாட்டார். நான் ஒன்று சொல்கிறேன். 1722-இல் அல்ஜெர்னான் சீமோரைப் பாரன் பெர்சி என்று பிரபுக்கள் அவைக்கு அழைத்தார்கள். பழைய பெர்சி பாரன் பட்டம் அவருடையது என்று தவறாக எண்ணி அனுப்பிய அழைப்பு அது. அதனால் புதிதாக ஒரு பாரன் பட்டமே பிறந்துவிட்டது. அது 1865-இல் பெண் வழியாக ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக்குகளிடம் போனது. 1957-இல் 9-ஆம் அத்தோல் டியூக் வாரிசின்றி இறந்தபோது நார்தம்பர்லாந்துக்கே திரும்பி வந்தது. பெண் வழி உரிமையை இங்கிலாந்துச் சட்டம் இவ்வளவு மதிக்கிறது. நீங்கள் மதிக்க மறுக்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
நன்றி. பட்டமே ஒரு பிழையில் பிறந்தது என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். அத்தோல் டியூக்குகள் 92 ஆண்டு பாரன் பெர்சியாக இருந்தார்கள். ஒரு நாளாவது தங்களைப் பெர்சி குடும்பம் என்று சொல்லிக்கொண்டார்களா? இல்லை. மர்ரேயாகவே இருந்தார்கள். பட்டம் வேறு, குடும்பம் வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மல்லிகைப்பந்தல்:
ஆக்னெஸ் பற்றி நான் கேட்டது அப்படியே கிடக்கிறது. மூன்றாவது முறை கேட்க வைக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
ஆக்னெஸ் காலத்தில் நாடாளுமன்றமும் இல்லை, பெயர்மாற்றச் சட்டமும் இல்லை. பிள்ளைகள் பெயரை வழக்கத்தால் எடுத்தார்கள். 1750-இல் சட்டத்தால் எடுத்தார்கள். வேறுபாடு உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நான் பொறுப்பல்ல.

மல்லிகைப்பந்தல்:
சட்டப்படி எடுத்தது திருட்டு, சட்டமில்லாமல் எடுத்தது மரபு. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
சதுப்பு நிலம் என்று சொன்ன கோட்டைவாசி அதற்கு ஆதாரம் தரவேயில்லை என்பதை எல்லோரும் கவனிக்க வேண்டும்.

கோட்டைவாசி:
போர் நடந்த இடத்தையே முன்பு நினைத்ததிலிருந்து தள்ளி வேறு வயல்களில்தான் அகழ்வாளர்கள் கண்டறிந்தார்கள். பீரங்கிக் குண்டுகள் கிடைத்தன. அதைப் படியுங்கள், பிறகு பேசலாம்.

நாணயக்காரன்:
கடைக்காரர்களைப் பற்றிச் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்கும்வரை நான் இந்த இழையை விடப்போவதில்லை.

ஏட்டுச்சுவடி:
விடாதீர்கள். நானும் விடப்போவதில்லை. இத்தனை பேர் எழுதியும் ஒருவரும் தொடாத கேள்வியை மறுபடி வைக்கிறேன்: ஹியூ ஸ்மித்சன் 1750-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் பெயரை மாற்றினாரா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

கோட்டைவாசி:
அவருடைய மனைவி 11-ஆம் ஏர்லின் கொள்ளுப்பேத்தியா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.